சைமன்: 1994-ல் வந்த தொடுதிரை போன் ஏன் செத்தது?

போன வாரம் நைட் டூட்டி. மணி ரெண்டரை இருக்கும். வார்டு கொஞ்சம் அடங்கிய நேரத்தில் ஒரு டீ குடிக்க உட்கார்ந்தோம். கூட இருந்த ஹவுஸ் சர்ஜன் தம்பியின் போனில் சார்ஜ் 6 சதவீதம். சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பிளக் பாயின்ட் தேடிவிட்டு வந்தார்.

"டச் போனைக் கண்டுபிடிச்சவங்க பேட்டரியை மட்டும் மறந்துட்டாங்க சார்."

"யாருப்பா கண்டுபிடிச்சது?"

"ஆப்பிள்தானே சார்? 2007."

"இல்ல தம்பி. அதுக்கு 13 வருஷம் முன்னாடியே ஒரு டச் போன் கடைக்கு வந்துடுச்சு. மெயில் அனுப்பும், ஃபேக்ஸ் அனுப்பும், காலண்டர் இருக்கும். நீங்க சொன்ன அதே பேட்டரியால அதுவும் செத்துப்போச்சு."

அவர் நம்பவில்லை. பாதிக் கதை சொல்வதற்குள் கேஸ் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டோம். மீதிக் கதையை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட்தான். பொறுமையாகப் படிங்க, கடைசியில் நம்ம ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாடம் இருக்கு.

🔹 பிறப்பு

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம், போகா ரேட்டன் என்ற ஊர். ஐ.பி.எம். கம்பெனியின் பெரிய ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. 1981-ல் உலகத்தையே மாற்றிய ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டர் உருவானதும் அதே ஊரில்தான்.

அங்கே ஃபிராங்க் கனோவா என்று ஒரு என்ஜினியர். சிப்புகள் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டே வருகின்றன, வயர்லெஸ் கருவிகளும் சின்னதாகின்றன. இரண்டையும் சேர்த்தால் கையில் பிடிக்கிற அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் போன் செய்யலாமே என்று அவர் யோசித்தார்.

இன்றைக்குக் கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு செல்போன் என்றால் பேச மட்டும்தான். நம்பர் பட்டன், ஒரு சின்ன டிஸ்ப்ளே, நீட்டுகிற ஆன்டெனா. அவ்வளவுதான்.

1992 நவம்பர். லாஸ் வேகாஸில் காம்டெக்ஸ் கண்காட்சி. கம்ப்யூட்டர் உலகத்தின் திருவிழா மாதிரி அது. அங்கே இந்த போனின் மாதிரியை ஐ.பி.எம். காட்டியது. போன் பேசலாம், ஃபேக்ஸ் அனுப்பலாம், மெயில் பார்க்கலாம். அதுமட்டுமில்லை, மேப், பங்குச்சந்தை நிலவரம், செய்தி எல்லாம் திரையில் வரும் என்றும் செய்து காட்டினார்கள்.

இன்று காலையில் எழுந்து நீங்க போனில் பார்த்த நாலு விஷயத்தில் மூணு, 1992-லேயே ஒரு மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்தது.

பெல்சவுத் செல்லுலார் என்ற அமெரிக்க தொலைபேசி நிறுவனம் இதை விற்க முன்வந்தது. செய்து கொடுத்தது ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக். பெயர் வைத்தது பெல்சவுத். சைமன் பர்சனல் கம்யூனிகேட்டர். கவனிச்சீங்களா? "ஸ்மார்ட்போன்" என்று யாரும் அப்போது அதைச் சொல்லவில்லை. அந்த வார்த்தை பிற்பாடுதான் புழக்கத்துக்கு வந்தது. பிள்ளை பிறந்து வெகுநாள் கழித்துத்தான் ஜாதிப்பெயரே கண்டுபிடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1994 மே மாதமே கடைக்கு வந்திருக்க வேண்டியது. சாஃப்ட்வேரில் கோளாறு. தள்ளிப்போய் 1994 ஆகஸ்ட் 16 அன்று விற்பனைக்கு வந்தது.

🔹 ஆளைப் பார்ப்போம்

எந்த கேஸாக இருந்தாலும் முதலில் ஜெனரல் எக்ஸாமினேஷன். சைமனுக்கும் அதே முறைதான்.

உயரம் 20 செ.மீ., அகலம் 6.4 செ.மீ., தடிமன் 3.8 செ.மீ. எடை 510 கிராம். எங்க பாஷையில் சொன்னால், ஒரு 500 மி.லி. சலைன் பாட்டிலைக் காதில் வைத்துப் பேசுவது மாதிரி.

திரை பச்சை கலந்த கறுப்பு வெள்ளை. 160 x 293 புள்ளிகள். மொத்தம் 47,000 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.

பிராசஸர் 16 மெகாஹெர்ட்ஸ். ரேம் 1 எம்.பி. சேமிப்பு இடம் 1 எம்.பி. ஜி.பி. இல்லைங்க, எம்.பி. நீங்க குடும்ப க்ரூப்பில் அனுப்புகிற ஒரு குட் மார்னிங் படம் அதற்குள் முழுசாக அடங்குமா என்பதே சந்தேகம்.

பெட்டிக்குள் சார்ஜ் ஏற்றும் ஸ்டாண்டு, தோல் உறை, இரண்டு நிக்கல் காட்மியம் பேட்டரி. ஏன் இரண்டு பேட்டரி என்று பிறகு சொல்கிறேன். விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கு.

விலை, இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 899 டாலர். ஒப்பந்தம் இல்லாமல் 1,099 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் 899 டாலர் என்பது சுமார் 28,000 ரூபாய். 1994-ன் 28,000 ரூபாய் என்பதை மறந்துவிடாதீங்க.

🔹 நல்ல பக்கம்

செத்தவரைப் பற்றி நல்லதை முதலில் பேசுவது நம்ம ஊர் மரியாதை. அதுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே சைமனிடம் நல்லது நிறைய இருந்தது.

1) பட்டனை எடுத்துவிட்டார்கள்.

போன் என்றால் 12 பட்டன் என்று உலகமே நினைத்த காலத்தில், நம்பர் பலகையையே திரையில் வரைந்து, விரலால் தொடு என்றார்கள். போன் பேசும்போது நம்பர் வரும். மெயில் எழுதும்போது எழுத்துப் பலகை வரும். கணக்குப் போடும்போது கால்குலேட்டர் வரும். ஒரே திரை வேலைக்குத் தகுந்தபடி வேஷம் மாறும். இன்றைய ஸ்மார்ட்போனின் அடிப்படைத் தத்துவமே இதுதான். விரலாலும் தொடலாம், கூடவே ஸ்டைலஸ் என்ற குச்சியும் உண்டு.

2) அடுத்த எழுத்தைக் கணிக்கும் கீபோர்டு.

திரை ரொம்ப ஒல்லி. முழு எழுத்துப் பலகையை அதில் போட்டால் விரல் பக்கத்து எழுத்தில்தான் விழும். அதனால் அடுத்து எந்த எழுத்து வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து, அதை மட்டும் பெரிதாகக் காட்டும் ஒரு கீபோர்டையும் கொடுத்தார்கள். இன்று நீங்க "வண" என்று அடித்ததும் "வணக்கம்" என்று போன் முந்திக்கொண்டு சொல்கிறதே, அதற்கு இவர் தூரத்துச் சொந்தம்.

3) உள்ளே டாஸ், வெளியே படம்.

உள்ளே ஓடியது ஒரு வகை டாஸ் சிஸ்டம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்வார்களே, அதே வம்சம்தான். ஆனால் பயன்படுத்துகிறவர் கண்ணில் அது படவே படாது. நேவிகேட்டர் என்ற ஒரு மேல்பூச்சு போட்டு, படத்தைத் தொட்டால் வேலை நடக்கும்படி செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

4) ஃபேக்ஸ்.

சிரிக்காதீங்க. 1994-ல் கையெழுத்துப் போட்ட காகிதம் ஊர் தாண்டிப் போக ஃபேக்ஸ்தான் வழி. சைமனில் வந்த ஃபேக்ஸைத் திரையில் படிக்கலாம். ஸ்டைலஸால் கையால் எழுதி அனுப்பவும் செய்யலாம். காரில் உட்கார்ந்தபடி ஆபீஸுக்கு ஃபேக்ஸ் அனுப்பலாம் என்பது அன்று பெரிய மாயாஜாலம்.

5) கூடுதல் வேலைக்குக் கூடுதல் கார்டு.

பக்கத்தில் ஒரு பொந்து இருக்கும். அதில் கார்டு செருகினால் கூடுதல் நினைவகம் கிடைக்கும், புது சாஃப்ட்வேர் கிடைக்கும். பேஜர் கார்டு போட்டால் பேஜர் செய்தியும் வரும். பேஜர் இடுப்பில் இல்லாமல் அமெரிக்க டாக்டர் வீட்டை விட்டு இறங்காத காலம் அது. அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்க.

6) எனக்கு ரொம்பப் பிடித்தது.

தனியாக ஒரு வயர் விற்றார்கள். அதை மாட்டினால் சைமனை சாதாரண லேண்ட்லைன் இணைப்பில் சேர்த்துப் பேசலாம். செல்லுலார் கட்டணம் தாங்காதபோதும், டவர் கிடைக்காத இடத்திலும் அது கைகொடுக்கும். தன் பலவீனம் தெரிந்தவன்தான் இப்படி ஒரு ஏற்பாடு செய்வான். வடிவமைத்தவர்கள் கனவில் மட்டும் மிதக்கவில்லை என்பதற்கு இந்த வயரே சாட்சி.

இன்னொரு கருவியோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகப் புரியும். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1993-ல், ஆப்பிள் கம்பெனி நியூட்டன் மெசேஜ்பேட் என்ற கையடக்கக் கருவியை விட்டது. நீங்க கையால் எழுதினால் அதுவே படித்துப் புரிந்துகொள்ளும் என்றார்கள். அது தப்புத் தப்பாகப் படித்ததில் ஊரே சிரித்தது. அதில் போனும் கிடையாது. போனையும் கையடக்கக் கம்ப்யூட்டரையும் ஒரே உடம்பில் வைத்துக் கடையில் விற்றது சைமன்தான்.

🔹 கெட்ட பக்கம்

சரி, இவ்வளவு நல்லவர் எப்படிச் செத்தார்?

1995 பிப்ரவரியோடு விற்பனை முடிந்தது. ஆறே மாதம். நடுவில் விலையை 899-லிருந்து 599 டாலராகக் குறைத்தும் பார்த்தார்கள். மொத்தம் விற்றது சுமார் 50,000.

மரணச் சான்றிதழ் எழுதும்போது "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதினால் எங்க பேராசிரியர் பேனாவைப் பிடுங்கிவிடுவார். எல்லாருக்கும்தான் கடைசியில் இதயம் நிற்கிறது. உடனடிக் காரணம் என்ன, அதற்கு முந்தைய காரணம் என்ன, மூலக் காரணம் என்ன, கூட இருந்த வேறு நோய்கள் என்ன என்று வரிசையாக எழுத வேண்டும். சைமனுக்கும் அப்படியே எழுதிப் பார்க்கலாம்.

உடனடிக் காரணம்: பேட்டரி.

தொடர்ந்து பேசினால் சுமார் ஒரு மணி நேரம். சும்மா வைத்திருந்தால் 8 முதல் 12 மணி நேரம். பெட்டிக்குள் இரண்டு பேட்டரி கொடுத்த ரகசியம் இதுதான்.

நிக்கல் காட்மியம் பேட்டரி கனமானது. அதே எடையில் இன்றைய லித்தியம் அயான் பேட்டரி இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் வைத்திருக்கும். லித்தியம் அயான் பேட்டரியை சோனி 1991-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது விலை குறைந்து, எல்லா போனுக்கும் வந்து சேர இன்னும் சில வருடம் பிடித்தது. மருந்து கண்டுபிடித்த அன்றே நம்ம ஃபார்மசியில் கிடைக்காதுல்ல? அதே கதை.

பேசுவதற்கு மட்டுமான போன் பேட்டரி தீர்ந்தால் பேச்சு மட்டும் போகும். சைமனில் பேட்டரி தீர்ந்தால் உங்க டைரி, முகவரி, மெயில், காலண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே கருவிக்குள் வைத்தது அதன் பலம். அதே காரணத்தால் பேட்டரி அதன் உயிர்நிலை ஆகிவிட்டது.

அதற்கு முந்தைய காரணம்: எடையும் விலையும்.

செல்போன் உலகம் அப்போது எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. சின்னதாக வேண்டும், இன்னும் சின்னதாக வேண்டும் என்பதுதான் போட்டி. 1996-ல் மோட்டோரோலா ஸ்டார்டாக் வந்தபோது அதன் எடை 88 கிராம். மடித்துச் சட்டைப்பையில் போடலாம். சைமனைச் சட்டைப்பையில் போட்டால் சட்டை கிழியும். ஒரு சைமன் எடைக்கு ஐந்து ஸ்டார்டாக் வைத்தாலும் மிச்சம் இருக்கும்.

"பேச மட்டும் போதும், லேசா இருக்கணும்" என்றது ஊர். "எல்லாம் இருக்கு, கொஞ்சம் கனம்தான்" என்றது சைமன். அந்தப் பேரம் படியவில்லை.

மூலக் காரணம்: நெட்வொர்க்.

இதுதான் நிறைய பேர் கவனிக்காத இடம். சைமன் ஓடியது பழைய அனலாக் செல்லுலார் நெட்வொர்க்கில். அமெரிக்காவிலேயே 15 மாநிலங்களில்தான் அந்தச் சேவை. அந்த நெட்வொர்க் மனிதக் குரலுக்காகக் கட்டியது. அதில் டேட்டா அனுப்ப வேண்டுமென்றால் மோடம் வழியாக டயல் செய்து, ஒரு போன் கால் மாதிரியே லைனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெயில் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாலும் மீட்டர் ஓடும்.

வேகம்? மோடம் நொடிக்கு 2,400 பிட். அதாவது அதிகபட்சம் நொடிக்கு 300 எழுத்து.

ஒரு கணக்குப் போடலாம். 2,000 எழுத்துள்ள ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியை அனுப்ப 7 நொடி. பரவாயில்லை, நன்றாகவே இருக்கு. இப்போது 3 எம்.பி. உள்ள ஒரு எக்ஸ்ரே போட்டோவை அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 10,000 நொடி. கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மணி நேரம். பேட்டரி தாங்குவதோ ஒரு மணி நேரம். ஒரே ஒரு எக்ஸ்ரே அனுப்ப மூணு பேட்டரி மாற்ற வேண்டும். அதற்குள் பேஷன்ட் பஸ் பிடித்து நேரில் வந்துவிடுவார்.

இதற்கு சைமனைக் குறை சொல்லி என்ன பயன்? ரோடு போடாத ஊருக்கு கார் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இணையமும் அதே நிலைதான். சைமனில் வெப் பிரவுசர் கிடையாது. சாதாரண மக்களுக்கு வெப் அறிமுகமானதே அந்த வருடங்களில்தான். நெட்ஸ்கேப் பிரவுசரின் முதல் பதிப்பு வந்தது 1994 டிசம்பரில், சைமன் பிறந்து நாலு மாதம் கழித்து. போய்ப் பார்க்க ஊரே இல்லாதபோது வண்டியில் ஜன்னல் வைத்து என்ன செய்வது?

கூட இருந்த நோய் ஒன்று: ஆப் இல்லை.

கார்டு போட்டுப் புது சாஃப்ட்வேர் சேர்க்கலாம் என்றேன் அல்லவா? வெளியாட்கள் சைமனுக்கென்று எழுதி விற்பனைக்கு வந்த ஆப் ஒன்றே ஒன்றுதான். பெயர் டிஸ்பேட்ச்இட். வெளியே வேலை பார்க்கும் ஊழியர்களுக்குத் தகவல் அனுப்பும் சாஃப்ட்வேர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட 2,999 டாலர், ஒவ்வொரு சைமனுக்கும் 299 டாலர். பொந்து இருந்தது. அதில் செருக எதுவும் இல்லை.

கூட இருந்த நோய் இரண்டு: பெற்ற வீட்டிலேயே உடல்நிலை சரியில்லை.

ஐ.பி.எம். 1992-ல் சுமார் 500 கோடி டாலர் நஷ்டம். 1993-ல் 800 கோடி டாலருக்கும் மேல். பல்லாயிரம் பேரை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். பெரியவர் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது குறைமாதத்தில் பிறந்த குழந்தையை யார் கவனிப்பார்கள்? சைமனுக்கு இரண்டாவது மாடல் வரவே இல்லை.

ஃபிராங்க் கனோவா பிற்பாடு பாம் நிறுவனத்துக்குப் போய்விட்டார். கையடக்கக் கருவிகளில் அடுத்த சில வருடம் கொடிகட்டிப் பறந்த அதே பாம்தான். போன் செத்தாலும் அதைச் செய்த மூளை வேறு வீட்டில் தொடர்ந்து வேலை செய்தது.

🔹 13 வருடம் கழித்து

2007 ஜூன் 29. முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது.

அது மட்டும் குறையே இல்லாமல் பிறந்ததா? இல்லைங்க. 3ஜி கிடையாது. வீடியோ எடுக்க முடியாது. காப்பி பேஸ்ட் கிடையாது, அது வர 2009 ஆனது. படம் வைத்து எம்.எம்.எஸ். அனுப்ப முடியாது. வெளியாட்கள் எழுதிய ஆப் ஒன்றுகூட கிடையாது, ஆப் ஸ்டோர் திறந்ததே 2008 ஜூலையில்தான். விலையும் 599 டாலர். இரண்டே மாதத்தில், செப்டம்பரில், அதை 399 டாலராகக் குறைத்தார்கள். சைமனின் கேஸ் ஷீட்டையே திரும்பப் படிப்பது மாதிரி இருக்குல்ல?

ஆனால் முதல் 10 லட்சம் ஐபோன் விற்க ஆனது 74 நாள்.

என்ன வித்தியாசம்?

எடை 135 கிராம். லித்தியம் அயான் பேட்டரி, 8 மணி நேரம் வரை பேசலாம் என்றார்கள். ஸ்டைலஸ் வேண்டாம், விரலே போதும். ஒரே நேரத்தில் இரண்டு விரலையும் உணரும் திரை. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பதற்கு ஒரு இணையம் தயாராக இருந்தது. கூகுள் இருந்தது, யூட்யூப் இருந்தது. நெட்வொர்க்கும் மெதுவாகவாவது டேட்டா சுமக்கக் கற்றிருந்தது.

ஐபோனின் குறைகள் பெரும்பாலும் சாஃப்ட்வேரில் இருந்தன. வருடா வருடம் சரிசெய்தார்கள். சைமனின் குறைகள் பேட்டரியிலும் டவரிலும் இருந்தன. கனோவா ராத்திரி பகலாக உட்கார்ந்தாலும் அதை அவரால் சரிசெய்திருக்க முடியாது. ஒரே மாதிரி அறிகுறிகள்தான். ஒருத்தருக்கு மருந்தில் சரியாகும், இன்னொருத்தருக்கு அந்த ஊரில் அந்த வருடத்தில் வைத்தியமே இல்லை.

ஐபோன் செய்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. எது எப்போது முடியும் என்று சரியாகக் கணித்ததும் திறமைதான். ஆனால் "தொடுதிரை போன் என்ற யோசனையே 2007-ல்தான் தோன்றியது" என்று சொல்வது தவறு. 1994-ல் இந்தியாவில் செல்போன் சேவையே தொடங்கவில்லை. கொல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு முதல் செல்போன் அழைப்பைப் பேசியது 1995 ஜூலை 31. அதற்குள் அமெரிக்காவில் ஒரு தொடுதிரை போன் பிறந்து, வாழ்ந்து, செத்தே போயிருந்தது!

🔹 இதை ஏன் ஒரு டாக்டர் எழுதுகிறேன்?

சில வருடம் முன்பு வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. அங்கே ஒரு டிரான்ஸ்போர்ட் மானிட்டர் வந்தது. ஆம்புலன்ஸில் நோயாளியை அனுப்பும்போது கூடவே கொண்டுபோகலாம். ஈ.சி.ஜி., ஆக்சிஜன் அளவு, பி.பி. எல்லாம் ஒரே திரையில் காட்டும். புதுசா வந்தப்போ எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். பூ வைக்காத குறைதான்.

கொஞ்ச நாளில் அதன் பேட்டரி படுத்துவிட்டது. வயரில் இருந்தால் ஓடும், வயரைப் பிடுங்கினால் இரண்டு நிமிடத்தில் அணையும். டிரான்ஸ்போர்ட் மானிட்டரை டிரான்ஸ்போர்ட் பண்ண முடியாது! மாற்று பேட்டரிக்கு எழுதிப் போட்டோம். வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அப்போதுதான் கேட்டோம். தனி பேட்டரி எங்கே கிடைக்கும்? யார் மாற்றித் தருவார்கள்? எந்தக் கணக்கில் பணம்? யாருக்கும் பதில் தெரியவில்லை.

ஒரு ராத்திரி மாரடைப்போடு ஒரு அண்ணன் வந்தார். வயது ஐம்பதுக்குள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும். 40 கிலோமீட்டர். நானும் ஸ்டாஃப் நர்ஸ் அக்காவும் கூடவே ஏறினோம். அன்று ஆம்புலன்ஸில் இருந்த மானிட்டரும் பாதி வழியில் சரியாகக் காட்டவில்லை. மீதி தூரம் முழுக்க என் விரல் அவர் கழுத்து நாடியில். அக்கா டார்ச் அடித்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"

"ஒண்ணும் ஆகாதுண்ணா. பேசாம வாங்க."

சொல்லிவிட்டேன். அடுத்த நாடி வரும்வரை எனக்கே அது உறுதியில்லை.

பிழைத்துவிட்டார். நல்லவேளை. திரும்பி வந்து பார்த்தால் எங்க மானிட்டர் வார்டு மூலையில் வயரோடு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. எந்த நோயாளிக்கும் மாட்டவில்லை.

அடுத்த நாள் ஒருவர் சொன்னார், "இந்த மாதிரி மெஷின் எல்லாம் நமக்கு செட் ஆகாது டாக்டர். வேஸ்ட்." அதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. மெஷின் வேஸ்ட் இல்லை. யோசனையும் வேஸ்ட் இல்லை. 3,000 ரூபாயோ 5,000 ரூபாயோ பெறுமானமுள்ள ஒரு பேட்டரியும், அதை மாற்ற ஒரு ஆளும் இல்லை. அவ்வளவுதான். ஆனால் பழி முழுக்க மெஷின் மேல் விழுந்தது. அடுத்த முறை கேட்டால் "போன தடவை கொடுத்ததையே நீங்க பயன்படுத்தலையே" என்று பதில் வரும்.

1995-லும் இதேதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். "போனையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தா விக்காதுப்பா, பார்த்துட்டோம்ல" என்று எத்தனை மீட்டிங்கில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

தோற்றது எது என்று சரியாகப் பெயர் சொல்லாவிட்டால், தோற்காததையும் சேர்த்துப் புதைத்துவிடுவோம்.

அந்த இரவுக்குப் பிறகு எந்தக் கருவிக்கு இண்டென்ட் எழுதினாலும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன்.

ஒன்று, வயரைப் பிடுங்கினால் எவ்வளவு நேரம் ஓடும்? கம்பெனி தாளில் எழுதியிருப்பது வேண்டாம், நம்ம கண் முன்னால் ஓட்டிக் காட்டுங்க.

இரண்டு, கெட்டுப்போனால் யார் வருவார்கள், எத்தனை நாளில்?

மூன்று, இது வேலை செய்ய இது தவிர வேறு என்னவெல்லாம் வேண்டும்? ரீஏஜென்ட், பேப்பர் ரோல், நெட், ஏ.சி., தெரிந்த ஒரு ஆள். அது நம்மிடம் இருக்கா?

மூன்றாவது கேள்வியை யாராவது 1994-ல் சைமனைப் பார்த்துக் கேட்டிருந்தால், "ஒரு நல்ல நெட்வொர்க், ஒரு நல்ல பேட்டரி, ஒரு இணையம் வேண்டும்" என்று பதில் வந்திருக்கும். கொஞ்சம் பொறு தம்பி என்று சொல்லியிருக்கலாம். தூக்கிப் போட்டிருக்க வேண்டியதில்லை.

இன்று ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ஈ.சி.ஜி. அடுத்த நிமிடம் இதய நிபுணர் கையில் இருக்கிறது. அவர் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு உயிர் நிற்கிறது. போன், திரை, செய்தி, படம் எல்லாம் ஒரே கருவியில் இருப்பதால்தான் இது நடக்கிறது. சைமன் செய்ய ஆசைப்பட்டதும் இதைத்தான்.

லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் 2014-ல், சைமனுக்கு 20 வயது ஆனபோது, அதைக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்தார்கள். ஆறு மாதம் வாழ்ந்த ஒரு போனுக்கு அது சரியான மரியாதை என்றுதான் நினைக்கிறேன்.

ஹவுஸ் சர்ஜன் தம்பிக்கு ஒரு வார்த்தை. பேட்டரியை யாரும் மறக்கலை தம்பி. அது தயாராகத்தான் 13 வருஷம் காத்திருந்தாங்க. நீங்க இனிமே நைட் டூட்டிக்கு வரும்போது சார்ஜ் போட்டுட்டு வாங்க. 🙂

உங்க ஆபீஸில், பள்ளியில், ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு சின்னப் பொருள் இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் நல்ல கருவி ஏதாவது இருக்கா? கீழே எழுதுங்க. முடிந்தால் எழுதுவதோடு நிறுத்தாமல், அந்தச் சின்னப் பொருள் எது என்று நாளைக்கே விசாரித்துப் பாருங்க.

பயன்படும் என்று தோன்றினால் நாலு பேருக்குப் பகிருங்கள்.